இத்தாலிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வினைச்சொல்லை 'ஸ்கூசி'யிலிருந்து தொடங்குங்கள்

இங்கே வந்து இறங்கியதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், முதலில் பாஷையைப் படி என்று. சரி, படிக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தால் ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க அட்டவணை. ஏழு 'மோதோ' (வினையைச் சொல்லும் முறை), ஒவ்வொன்றுக்குள்ளும் காலங்கள், காலத்துக்குள் ஆறு ஆறு வடிவங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சிசிலியின் பலெர்மோவில் பகலில் வீட்டு வேலை, மாலையில் வகுப்பு என்று படித்தவள் நான். என் அனுபவத்தில் அந்த அட்டவணை நமக்கு அவ்வளவு அந்நியமானது இல்லை. ஆங்கிலம் வழியாக அதற்குள் போனால்தான் கஷ்டம். தமிழ் வழியாகப் போங்கள்.

தமிழில் 'கதைக்கிறேன்' என்றாலே நான் என்பது தெரிந்துவிடும், 'கதைக்கிறாய்' என்றால் நீ. இத்தாலியனும் அப்படியே: பர்லோ, பர்லி, பர்லா, பர்லியாமோ, பர்லாத்தே, பர்லனோ. வாலிலேயே ஆள் இருக்கிறார். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'இயோ, இயோ' (நான், நான்) என்று போடத் தேவையில்லை, அது ஆங்கிலப் பழக்கம். 'நான்தான்' என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் இயோ போதும். வினைகள் மூன்று குடும்பம்: பர்லாரே போல 'ஆரே'யில் முடிபவை, ப்ரெந்தெரே போல 'எரே', தொர்மீரே போல 'ஈரே'. ஈரே குடும்பத்தில் சிலவற்றுக்கு நடுவில் 'இஸ்க்' என்று ஒன்று நுழையும், 'கபீஸ்கோ' (எனக்குப் புரிகிறது) அப்படி வந்ததுதான். முதல் குடும்பத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் மிகப் பெரியது. எஸ்ஸெரே (இருப்பது), அவேரே (வைத்திருப்பது), ஃபாரே (செய்வது), அந்தாரே (போவது), வெனீரே (வருவது), பொதேரே (முடிவது), வொலேரே (விரும்புவது), தொவேரே (செய்தாக வேண்டியது) என்பவை எந்த ஒழுங்குக்கும் அடங்காதவை. ஆனால் நாள் முழுக்கக் காதில் விழுவதும் அவையே, கேட்டுக் கேட்டே வந்துவிடும்.

இதுவரை சுலபம். பிரச்சினை தொடங்குவது மரியாதையில்.

நாம் ஒருவருக்கு மரியாதை கொடுக்கப் பன்மைக்குப் போகிறோம்: நீ, நீங்கள். இத்தாலியர்கள் படர்க்கைக்குப் போகிறார்கள். எதிரே நிற்பவரை 'லேய்' என்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு 'அவள்' என்றும் அர்த்தம் உண்டு, எதிரே நிற்பவர் ஆணாக இருந்தாலும் லேய்தான். நேபிள்ஸ் பக்கம் வயதானவர்களிடம் நம் 'நீங்கள்' போலவே 'வோய்' சொல்பவர்களும் இருக்கிறார்கள், சிசிலியில் பழைய ஆட்கள் வாயில் 'வொஸ்ஸீயா' வரும். ஆனால் அலுவலகம், ஆஸ்பத்திரி, கடை என்று வந்தால் லேய்.

நான் வந்த முதல் வருடம், ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒருநாள் மருத்துவர் வீட்டுக்கு வந்தார். நான் கதவைத் திறந்து, நல்ல முறையில் வரவேற்பதாக நினைத்து, "வியேனி, வியேனி" என்றேன். சிஞ்ஞோராவை எழுப்பி உட்கார வைக்க நேரம் வேண்டும், அதனால் "அஸ்பெத்தா" என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சிஞ்ஞோராவின் மகளின் முகம் மட்டும் இறுகிப்போனது. மருத்துவர் போன பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மெதுவாக "வேங்கா. அஸ்பெத்தி" என்று இரண்டு சொல் மட்டும் சொன்னாள். நான் அந்தப் பெரிய மனிதரிடம் "வா, வா, பொறு" என்று சொல்லியிருக்கிறேன் என்பது அன்று இரவு கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நம் ஊரில் ஒரு டாக்டரை வா போ என்று கூப்பிடுவோமா? அதை நினைத்து அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த 'வேங்கா' எங்கிருந்து வருகிறது? கொஞ்ஜுந்தீவோவிலிருந்து. புத்தகத்தில் கடைசிப் பாடங்களில் வைத்திருக்கும், எல்லோரும் பயமுறுத்தும் அதே கொஞ்ஜுந்தீவோ. முன்னால் நிற்பவரைப் படர்க்கையாக்கிவிட்டால் அவருக்கு நேராகக் கட்டளை போட முடியாது, 'வரட்டும்' என்று விரும்பத்தான் முடியும். வேங்கா என்றால் 'வரட்டும்', அஸ்பெத்தி என்றால் 'பொறுக்கட்டும்'. நம் 'அட்டும்' செய்கிற வேலையை அந்த வடிவம் செய்கிறது. திருவிழாவில் 'வீவா' என்று கத்துவதும் இதே வடிவம், நம் 'வாழ்க'. பலெர்மோவில் ஜூலை 14 இரவு ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசலீயாவின் தேர் வரும்போது "வீவா பலெர்மோ எ சாந்தா ரொசலீயா" என்று ஊரே கத்தும். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் அவருடைய குகைக் கோயிலுக்குச் சைவர், கத்தோலிக்கர் என்று பார்க்காமல் நம்மவர்களும் ஏறிப்போகிறார்கள், ஆகவே நீங்களும் சீக்கிரமே அந்தக் கொஞ்ஜுந்தீவோவைச் சொல்லத்தான் போகிறீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். ஆரே குடும்பத்தில் நெருங்கியவரிடம் 'ஆ', மரியாதைக்கு 'இ': ஸ்கூசா, ஸ்கூசி (மன்னிக்கவும்), அஸ்பெத்தா, அஸ்பெத்தி. மற்றக் குடும்பங்களில் அப்படியே தலைகீழ்: சேந்தி, சேந்தா (கேளுங்கள்), ப்ரெந்தி, ப்ரெந்தா (எடுங்கள்), வியேனி, வேங்கா. விதியை யோசித்து யோசித்துச் சொல்லப் போனால் எதிரே நிற்பவர் போய்விடுவார். சோடி சோடியாக வாயில் பழக்குங்கள், ஒரு பத்துச் சோடி போதும். பிள்ளைகளைத் தடுக்கும்போது மட்டும் வேறு மாதிரி: 'நொன்' போட்டு வினையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும், "நொன் தொக்காரே", தொடாதே.

வேலை வீட்டில் அவர்கள் உங்களைத் 'தூ' (நீ) என்று கூப்பிட்டாலும் நீங்கள் லேய் சொல்லிக்கொண்டே இருங்கள். "தியாமொச்சி தெல் தூ", நமக்குள் தூ என்றே பேசுவோம் என்று அவர்களே சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவர், ஓர் அலுவலகத்தில் இருப்பவர், நம் முகத்தைப் பார்த்ததுமே தூ என்று தொடங்குவது நடக்கத்தான் செய்கிறது, எனக்கும் நடந்திருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. அந்த நேரத்தில் கோபத்தை விடச் சுத்தமான ஒரு லேய் நன்றாக வேலை செய்யும். "மி ஸ்கூசி, புவோ ரிபேத்தெரே?", மன்னிக்கவும், திரும்பச் சொல்ல முடியுமா என்று நிதானமாகக் கேட்டால் பல பேர் தாங்களாகவே லேய்க்கு மாறிவிடுகிறார்கள்.

அடுத்து கொந்திஸியொனாலே. 'வோல்யோ' என்றால் 'எனக்கு வேணும்', 'வொர்ரேய்' என்றால் 'கிடைத்தால் நல்லது' என்கிற மாதிரி. கடையில் எப்போதும் வொர்ரேய். 'வொலேவோ' என்று இறந்தகாலத்தில் கேட்பதையும் கேட்பீர்கள், அதுவும் மரியாதைதான். பல்லரோ சந்தையில் விலை கேட்க "குவாந்தோ வியேனே?", எவ்வளவு வரும், அச்சு அசல் நம் பேச்சு. உதவி கேட்கும்போது 'புவோ'வுக்குப் பதில் 'பொத்ரெப்பே' போட்டால் இன்னும் பணிவு. 'பர்லெரேமோ' என்றால் கதைப்போம், 'பர்லெரெம்மோ' என்றால் கதைக்கலாமே என்கிற தொனி. ஒரு மகர ஒற்றுத்தான் வித்தியாசம். எடு, எட்டு என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காது நமக்கு, அதை நம்புங்கள்.

கொந்திஸியொனாலேக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. செய்தியில் ஒருவரைப் பற்றி "அவ்ரெப்பே ருபாத்தோ" என்று வரும். அட்டவணைப்படி பார்த்தால் 'திருடியிருப்பார்', ஆனால் செய்தி சொல்வது 'திருடினாராம்'. உறுதியாகவில்லை, பிறர் சொன்னது. நம் 'ஆம்'தான் அது. இது தெரியாமல் செய்தியைப் பார்த்துவிட்டு, இன்னார் இதைச் செய்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காதீர்கள்.

கதவில் 'ஸ்பிஞ்ஜெரே', 'தீராரே', படிவத்தில் 'கொம்பிலாரே' என்று எழுதியிருக்கும். அவை இன்ஃபினீத்தோ, யாருக்கும் குறிப்பாகச் சொல்லாத பொதுக் கட்டளை: தள்ளவும், இழுக்கவும், நிரப்பவும்.

நடந்ததைச் சொல்ல வகுப்பில் பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ தருவார்கள். "ஒ மஞ்ஜாத்தோ", சாப்பிட்டேன். போவது, வருவது, பிறப்பது, இறப்பது போன்றவற்றுக்கு ஒ வராது, 'சோனோ' வரும், பெண் சொன்னால் "சோனோ அந்தாத்தா", ஆண் சொன்னால் "சோனோ அந்தாத்தோ". ஆண்களே, வேலை வீட்டுப் பெண்கள் பேசுவதைக் கேட்டுப் பழகினால் அந்தாத்தா என்று ஒட்டிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள். சிசிலியில் இருப்பவர்களுக்கு ஒன்று: இங்கே காலையில் நடந்ததைக்கூட "கொம்ப்ராய்", "அந்தாய்" என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். அது பஸ்ஸாத்தோ ரெமோத்தோ. பிழையில்லை, இந்தப் பக்கத்து வழக்கம். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், பரீட்சையில் ப்ரொஸ்ஸிமோ எழுதுங்கள்.

கொஞ்ஜுந்தீவோவின் மிச்சப் பகுதிக்கு அவசரமில்லை. தெரிந்ததைச் சொன்னால் "சோ கே எ மலாத்தா", அவளுக்குச் சுகமில்லை என்று தெரியும். நினைப்பதைச் சொன்னால் "பென்சோ கே சீயா மலாத்தா". இத்தாலியர்களே பேச்சில் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். 'நேரம் இருந்தால் வருவேன்' என்பதில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். நேரம் கிடைக்கலாம் என்றால் "சே ஒ தேம்போ, வேங்கோ". நேரமே இல்லை, இருந்தால் வருவேனே என்கிற ஏக்கம் என்றால் "சே அவெஸ்ஸி தேம்போ, வெர்ரேய்". தமிழில் ஒரே 'ஆல்' இரண்டுக்கும் போதுமாக இருப்பதால் நாம் வழுக்குவது இங்கேதான். 'சே' பக்கத்தில் 'அவ்ரேய்' போடாதீர்கள், அது காதில் உடனே குத்தும்.

நீண்டகால சொஜோர்னோவுக்கு (தங்கும் அனுமதிக்கு) மொழியில் ஆ-2 நிலை கேட்கிறார்கள், குடியுரிமைக்கு 2018 டிசம்பரிலிருந்து பி-1. ஆ-2க்கு நிகழ்காலம், ப்ரொஸ்ஸிமோ, இம்பெர்ஃபெத்தோ (வொலேவோ போன்ற இறந்தகாலம்), வொர்ரேய் இவற்றைச் சரளமாக்கினாலே பெரும்பகுதி முடிந்தது. பி-1 என்று வரும்போது கொந்திஸியொனாலேயும் கொஞ்ஜுந்தீவோவும் தேவைப்படும். பெரியவர்களுக்கான அரசுப் பள்ளி 'சிபியா' பெரும்பாலான மாகாணங்களில் இருக்கிறது, பல இடங்களில் இலவசம், இல்லாவிட்டாலும் சிறிய தொகைதான். காசு கொடுத்துத் தனியார் வகுப்புக்குப் போவதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

பதியப் போகும்போது தரும் படிவத்திலேயே பாதி இலக்கணம் இருக்கிறது. 'இல் சொத்தொஸ்க்ரீத்தோ' என்றால் கீழே கையெழுத்திடுபவர், அதாவது நீங்கள், அங்கே உங்களைப் பற்றியே படர்க்கையில் "கியேதே" (கேட்கிறார்) என்று எழுத வேண்டும். நாத்தோ, நாத்தா (பிறந்தவன், பிறந்தவள்) என்ற இரண்டில் உங்களுக்குப் பொருந்தாததை வெட்டுங்கள். அதற்கும் கீழே 'கொன்யுகாத்தோ, கொன்யுகாத்தா' என்று ஒன்று வரும். வகுப்பில் வினையை ஆளோடு சேர்ப்பதற்குச் சொல்கிற அதே கொன்யுகாரேதான், இங்கே திருமணமானவரா என்று கேட்கிறார்கள்.