ராப் ராய் கலக்கும்போது நம்ம ஆளுங்க பண்ணுத தப்புகள்

பாளையங்கோட்டைல எங்க வீட்டு மொட்ட மாடில மொத மொத ராப் ராய்ங்கிற ஸ்காட்ச் விஸ்கி காக்டெய்ல கலக்குனப்போ மச்சான் பழக்க தோஷத்துல கால் கிளாஸ் தண்ணிய ஊத்திட்டான், அவனச் சொல்லியும் குத்தமில்ல, நம்ம ஊர்ல விஸ்கின்னா தண்ணியோ சோடாவோ ஊத்தித்தான பழக்கம். ஆனா கரண்டியால கலக்குத காக்டெய்லுக்கு தண்ணி ஊத்த வேண்டியது ஐஸுதான், நாம இல்ல. இது புரிஞ்சிட்டா பாதி தப்பு தானா போயிரும்.

அளவச் சொல்லிருதேன். ஸ்காட்ச் ஒரு லார்ஜ், ஸ்வீட் வெர்மூத்துங்கிற மூலிகை போட்ட இனிப்பு ஒயினு ஒரு ஸ்மால், அதாவது 60 மில்லியும் 30 மில்லியும், மேல அங்கோஸ்டுரா பிட்டர்ஸ்ங்கிற கசப்பு மூலிகைச் சாறு குப்பிய ரெண்டு உதறு. அமெரிக்க விஸ்கில போடுத மன்ஹாட்டன்ங்கிற காக்டெய்லத்தான் ஸ்காட்ச்ல போட்டு 1894 வாக்குல நியூயார்க் வால்டார்ஃப் ஹோட்டல்ல ராப் ராய்னு குடுத்ததா சொல்லுதாங்க. கண்ணளவுல ஊத்தாதீங்க, வெர்மூத் கொஞ்சம் கூடுனாலும் இருமல் மருந்து மாதிரி இனிச்சிரும்.

இப்போ ஐஸு. ட்ரேல இருந்து கட்டிய எடுத்து கிண்ணத்துல போட்டு வச்சிட்டு, அரட்டை அடிச்சிட்டு, பொறவு கலக்குதாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு, நம்ம வெயிலுக்கு அஞ்சு நிமிஷத்துல அடில தண்ணி நின்னுரும், அந்தத் தண்ணியும் சேர்ந்து டம்ளருக்குள்ள போயிரும். கலக்கப்போற நேரத்துல ஃப்ரீசர்ல இருந்து நேரா எடுங்க. பெரிய எவர்சில்வர் டம்ளர் போதும், முக்கால்வாசிக்கு கட்டி இருக்கணும், ரெண்டே ரெண்டு கட்டி போட்டா குளிர்றதுக்குள்ள அதுவே கரைஞ்சு போயிரும். நீளக் கரண்டிய டம்ளர் ஓரத்தோட ஒட்டிச் சுத்துங்க, முப்பது செகண்ட், டம்ளர் வெளிப்பக்கம் வேர்த்து வெரலு ஜில்லுன்னு ஆகும், அதுக்குள்ள 20, 25 மில்லி தண்ணி உள்ள சேர்ந்திருக்கும், அது போதும். இன்னொண்ணு, ஃப்ரீசர்ல தூத்துக்குடி சீலா மீன் இருந்துச்சுன்னா ஐஸ் ட்ரேய மூடி வைங்க, ஐஸு அந்த வாடைய அப்படியே இழுத்துக்கிடும், எனக்கு ஒரு கிளாஸ் முழுசா வீணாப்போச்சு.

ஷேக் பண்ணுனா என்னன்னு கேக்காங்க. எலுமிச்ச சாறு போடுத காக்டெய்லுக்கு ஷேக் சரி, இதுல காத்தும் ஐஸ் தூளும் கலந்து கலங்கலாயிரும், அந்த வழவழப்பு போயிரும்.

வெர்மூத்துலதான் நெறைய பேரு ஏமாறுதாங்க. அது மூலிகை போட்டு, கொஞ்சம் ஸ்பிரிட்டும் சேர்த்த ஒயினு, ஸ்காட்ச் மாதிரி தெறந்து பீரோல வச்சா நிக்காது. நான் கத்திரி வெயில்ல பாதி பாட்டில அலமாரில விட்டுட்டு, மூணு மாசம் கழிச்சு மோந்து பாத்தா காடி வாடை. தெறந்ததும் ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசத்துல முடிச்சிருங்க, சின்ன பாட்டில் கெடச்சா அதையே வாங்குங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற அண்ணாச்சி வரியில்லாம 2 லிட்டர் சரக்கு கொண்டு வரலாம், ரெண்டு லிட்டரையும் ஸ்காட்சா கேக்காம ஒண்ணு வெர்மூத்துன்னு சொல்லி விடுங்க.

ஸ்காட்ச்ல லாஃப்ரோய்க் மாதிரி புகை தூக்கலா இருக்கது வேண்டாம், வெர்மூத்த அமுக்கிரும். பிளாக் லேபிள் மாதிரி பல விஸ்கிய கலந்த பிளெண்டட் ஸ்காட்ச் போதும், அதுல லேசா இருக்க புகையே அழகு.

செர்ரி போடணும்னு கேக்குக்கு வைக்கிற செவப்பு செர்ரிய போடாதீங்க, அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகுல ஊறுன களாக்காய்தான், பாகு கரைஞ்சு கிளாஸ் முழுக்க இனிச்சுக் கெடுத்துரும். நமக்கு புளியங்குடி எலுமிச்ச பக்கத்துல இருக்கும்போது என்ன கவலை? ஆனா சாறு பிழியாதீங்க, தோல் மட்டும் போதும், வெள்ளை ஒட்டாம மெல்லிசா ஒரு வெரல் நீளம் சீவி, கிளாஸுக்கு மேல பிடிச்சு முறுக்குனீங்கன்னா எண்ணெய் பொடிப்பொடியா தெறிச்சு மேல மினுமினுன்னு படரும், அந்த வாசனை மூக்குக்கு வந்த பொறவுதான் மொத வாய்.

ஒரு கிளாஸுலயே லார்ஜும் அதுக்கு மேலயும் இருக்கு, இனிப்பு அத மறைச்சிரும், அதனால அன்னைக்கு வண்டிச் சாவிய தொடாதீங்க. வடிகட்டி ஊத்துத கிளாஸையும் பத்து நிமிஷம் முன்னாடியே ஃப்ரீசர்ல வச்சிருங்க, அதுல ஐஸு போட வேண்டாம்.