புக்கிட் பாஞ்சாங்கில் குடியேறுகிறீர்களா? அலமாரியைக் கடைசியில் வாங்குங்கள்

நானும் என் வீட்டுக்காரரும் சிங்கப்பூரின் யீஷூனில் 28 ஆண்டுகள் இருந்தோம். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனதும் புக்கிட் பாஞ்சாங்கில் செஞ்சா பக்கம் ஒரு சின்ன வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாறினோம். சாவி வாங்கிய அன்று என் நாத்தனார், "மலையூருக்குப் போறீங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க அண்ணி" என்று கிண்டல் செய்தாள். மலாயில் புக்கிட் என்றால் குன்று, பாஞ்சாங் என்றால் நீளம். பக்கத்திலுள்ள புக்கிட் தீமாதான் சிங்கப்பூரிலேயே உயரமான குன்று, அதுவே 163 மீட்டர்தான். கொடைக்கானல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் காட்டை ஒட்டிய குன்றடியில் வீடு அமைந்துவிட்டால், அந்தக் குன்றின் சுபாவம் தெரிந்துதான் குடித்தனம் நடத்த வேண்டும். எங்களுக்கு அது புரிவதற்குள் ஒரு தேக்கு அலமாரி போய்விட்டது.

வந்த முதல் வாரமே அதை வாங்கி, காட்டுப் பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். டிசம்பர் மழை வந்தது. பொங்கலுக்குப் புடவை எடுக்கத் திறந்தால் குப்பென்று பூஞ்சை வாடை. அலமாரியின் முதுகு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் படர்ந்திருந்தது. கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் புள்ளி புள்ளியாகக் கறை.

அதனால் முதல் ஒரு மாதம் பெட்டியில் துணி வைத்தே பிழைத்துக்கொள்ளுங்கள். சாரல் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது, மாலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பாருங்கள். பெரிய மழை பெய்த மறுநாள் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று வேர்த்திருக்கும் சுவரில் அலமாரி வேண்டாம். வேறு வழியில்லை என்றால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சாண் விடுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் டப்பா இரண்டு வையுங்கள். டப்பாவில் தண்ணீர் நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும், மறந்துவிட்டால் வைத்தும் பிரயோசனமில்லை. பட்டுப்புடவைகளை மாதம் ஒருமுறை மின்விசிறிக்கு அடியில் விரித்து ஆற விடுங்கள்.

காகித வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குடிவந்த 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியை மாற்ற வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் ரகசிய எண் புது முகவரிக்குத் தபாலில் வரும், அதனால் தபால்பெட்டிச் சாவியைத் தொலைக்காதீர்கள். புத்தம்புது வீடு என்றால் ஓராண்டுக்குள் குறைகளைச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம். ஐம்பது காசு நாணயத்தால் தரைக்கல்லைத் தட்டுங்கள். பானை போல் ஒலித்தால் அடியில் பூச்சு பிடிக்கவில்லை என்று அர்த்தம். குளியலறைக் கற்களை முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்கக் கூடாது. புதுப்பிப்பு வேலை ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையன்றும் கூடாது. நடைபாதையில் செருப்பு அடுக்கும் துளசித் தொட்டியும் வைக்க ஆசை இருந்தால், ஆள் போக 1.2 மீட்டர் அகலம் விட்டு வையுங்கள்.

பால் காய்ச்ச வேண்டும், அதில் மாற்றமில்லை. ஹோமம் வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள். 2018 ஜூனுக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எங்கள் வீட்டில் அர்ச்சகர் இரண்டாவது சமித்தைப் போட்டதும் அது அலற ஆரம்பித்தது. மந்திரம் ஒரு பக்கம், அலறல் ஒரு பக்கம், வாசலில் பக்கத்துவீட்டுச் சீன ஆன்ட்டி ஈரத்துணியோடு! கருவியை மூடி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹோமத்தைக் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள். குன்று இருக்குமிடத்தில் முருகன் இல்லாமலா? அப்பர் புக்கிட் தீமா சாலையிலேயே ஸ்ரீ முருகன் குன்றுக் கோயில் இருக்கிறது. அந்த ஆன்ட்டிக்கு அன்று மாலை கேசரி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு மாதமாகியும் அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பியதே இல்லை.

இனி குரங்கு. சமையலறை மேடையில் வாழைப்பழச் சீப்பு வெளியே தெரியும்படி இருந்தால், அது அவர்களுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. பழத்தை மூடிய பாத்திரத்தில் வையுங்கள், காட்டுப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே கிளம்புங்கள். நேரில் பார்த்தால் முறைக்காதீர்கள், சிரிக்கவும் வேண்டாம், பல்லைக் காட்டினால் அது சண்டைக்கு இழுப்பதாக எடுத்துக்கொள்ளும். மெதுவாகப் பின்வாங்குங்கள். பாவம் என்று ஒரு பிஸ்கட்கூடப் போடக் கூடாது. காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். நம்மவர்கள் இதில் மறந்துவிடுவது காக்கையை. அமாவாசைச் சோற்றை ஜன்னல் விளிம்பில் வைப்பதும் இதே சட்டத்தில்தான் வரும். அப்பாவின் திதியன்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கவளத்தை இலையில் எடுத்துவைத்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் நாங்களே சாப்பிட்டோம்.

வேலையை விட்ட இரண்டு பேர் சின்ன வீட்டில் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் சண்டை நிச்சயம். காலையில் ஆளுக்கொரு வழி போய்விடுங்கள். என் வழி பழைய ரயில் பாதை. 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகாருக்கு மலேசிய ரயில் ஓடிய தடம் அது, இப்போது 24 கிலோமீட்டர் நடைபாதை. ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஏற்றம் தெரியாது. முழங்கால் வலிக்காரர்கள் குன்றின் படிகளை விட்டுவிட்டு இதில் நடக்கலாம், ஹில்வியூ எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கம்.

அவர் வழி எல்ஆர்டி, வட்டாரத்துக்குள் சுற்றும் இலகு ரயில். செஞ்சாவிலிருந்து புக்கிட் பாஞ்சாங் ஒரே நிறுத்தம். முதல் நாள் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டார். ஜெலாப்பாங், செகார், ஃபஜார், பங்கிட், பெண்டிங், பெட்டிர் என்று ஊரையே வலம் வந்து சேர்ந்தார். உங்களுக்கும் நடக்கும். இறங்கித் தடுமாற வேண்டாம், பாதை வட்டம்தான், உட்கார்ந்தே இருங்கள். அவருக்கு அதுவே பிடித்துப்போய் இப்போது வேண்டுமென்றே சுற்றுகிறார். மலாயில் ஃபஜார் விடியல், செஞ்சா அந்தி, பெட்டிர் மின்னல் என்று எனக்குப் பாடம் வேறு எடுக்கிறார். வண்டி வீடுகளுக்குப் பக்கத்தில் போகும்போது ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும், அதனால் தடத்தை ஒட்டிய வீடு கிடைத்தவர்கள் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையை விட்டு வந்துவிட்டோமே என்றும் கவலை வேண்டாம். டௌன்டவுன் எம்ஆர்டி ரயில் பாதை இங்கிருந்துதான் புறப்படுகிறது, உட்கார இடம் கிடைக்கும், வண்டி மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். துணிப்பை கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பை சரசரத்தால் அதில் சாப்பாடு இருக்கிறது என்று இங்குள்ள குரங்குகளுக்குத் தெரியும். பழம் வாங்கிய அன்று காட்டோரப் பாதையில் வராதீர்கள், புளோக்கின் முன்பக்கமாகச் சுற்றி வாருங்கள்.