ஒலிக்கருவியை எடைபோடும்போது காதும் மீட்டரும் ஏமாற்றும் இடங்கள்

புது டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் பெட்டி) ஒன்று வாங்கிய அன்று இரவு, பழையதையும் அதையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தேகமே இல்லை, புதியதுதான் உசத்தி. பாடகியின் குரல் ஓரடி முன்னால் வந்து நின்றது. பின்னணியில் கவனிக்காமலே விட்டிருந்த சின்னச் சின்ன ஓசைகள்கூடத் துலக்கமாக விழுந்தன. இரண்டு நாள் கழித்து வேறொரு வேலைக்காக மல்டிமீட்டரை எடுத்தவன், சும்மா இருக்கட்டும் என்று இரண்டின் வெளியீட்டையும் ஒரே டோனை ஓடவிட்டு அளந்தேன். பழையது 2.0 வோல்ட், புதியது 2.3. அதாவது ஏறக்குறைய 1.2 டெசிபல் கூடுதல். அந்த அளவு சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டால் எது எது என்றே தெரியவில்லை. முன்னால் வந்து நின்ற குரல் பழைய இடத்துக்கே போய்விட்டது.

கருவிகளை ஒப்பிடுவதில் நடக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: சத்தத்தைச் சமன் செய்யாமல் கேட்பது. 3 டெசிபல் வித்தியாசம் என்றால் ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அரை டெசிபல், ஒரு டெசிபல்தான் வில்லங்கம். அது சத்தமாகத் தெரியாது. தெளிவாக, உயிரோட்டமாக, ‘பாஸ் நிறைவாக’ தெரியும். இதற்குக் காரணமும் உண்டு. சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த சுரங்களில் நம் காதின் கூர்மை மற்றவற்றைவிட வேகமாக மங்குகிறது என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தத்தைச் சற்றுக் கூட்டினாலே பாஸ் கூடுதலாக எழுந்து வரும்.

வால்யூம் குமிழின் கோடுகளை நம்பியோ, காதால் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று தீர்மானித்தோ இதைச் சரிசெய்ய முடியாது. 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்றால் ஸ்பீக்கரை இணைத்தபடியே அதன் முனைகளில் வோல்ட்டை அளக்க வேண்டும். 0.1 டெசிபலுக்குள் வந்தால் போதும். வோல்ட்டில் அது ஒரு சதவீதம்தான்: 2.00-ம் 2.02-ம் சரி, 2.00-ம் 2.12-ம் கூடாது. மலிவான மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் தப்பாகக் காட்டலாம். இரண்டு கருவியையும் அதே மீட்டரில் அளப்பதால் பாதகமில்லை.

சத்தம் சமன். அப்புறம் கண். 1994-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும், ஒலிக்கருவி தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து, ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் ஒருமுறை, கண்ணெதிரே ஒருமுறை கேட்கவைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. திரைக்குப் பின்னால் நன்றாகவே தேறிய சின்ன, மலிவான செட் கீழே இறங்கியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றிவைத்தால் ஒலி நிஜமாகவே மாறும். கண் மறைந்திருந்தபோது அந்த மாற்றத்தை நன்றாகப் பிடித்தவர்கள், பார்த்துக்கொண்டு கேட்டபோது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கண் என்பது, இல்லாத வித்தியாசத்தைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, இருக்கிற வித்தியாசத்தையும் மூடிவிடுகிறது. ‘என் காதை நான் நம்புகிறேன்’ என்பவர்கள் திரையைக் கண்டு ஏன் எரிச்சலடைகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. காதை மட்டும் நம்புவதற்கு அதைவிட நல்ல வழி எது?

இதில் நான் யாரையும் கேலி செய்யும் நிலையில் இல்லை. ஒருமுறை ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் நுணுக்கி நுணுக்கித் திருகி, குரலின் கூர்மை அடங்கியதும் திருப்தியாக எழுந்தேன். பார்த்தால் பைபாஸ் பட்டன் அழுத்தியபடி இருக்கிறது. நான் திருகிய எதுவும் ஒலியைத் தொடவே இல்லை. ஆனால் கூர்மை அடங்கியது எனக்குக் கேட்டது, அதில் பொய்யில்லை. எதிர்பார்ப்பு மூளையில் அந்த அளவுக்கு வேலை செய்கிறது. அதனால், வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவரிடம் ‘கதை விடாதே’ என்பதும் ஒரு தவறுதான். அவருக்குக் கேட்டிருக்கும். அது கருவியிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

கேபிளைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு ஒப்பிடுவதும் வீண். ஒலியின் நுட்பமான ஞாபகம் சில நொடிகளில் கரைந்துவிடும். ஸ்விட்ச் போட்டு உடனுக்குடன் மாற்ற வேண்டும். எண்ணிக்கையும் வேண்டும். பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னேன் என்று ஒருவர் மார்தட்டினால், காசைச் சுண்டிவிட்டாலே ஆறில் ஒருமுறை அவ்வளவோ அதற்கு மேலோ வந்துவிடும் என்று சொல்லிவையுங்கள். 16-க்கு 12 வந்தால் அது சும்மா நடந்திருக்க 4 சதவீதம்கூட வாய்ப்பில்லை, அப்போது கவனிக்கலாம்.

சரி, இதெல்லாம் காதுக்காரர்களின் தவறுகள். மீட்டர்காரர்கள் பக்கமும் சளைத்ததல்ல.

ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவர்களின் பெரிய வழக்கம். ‘டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.01 சதவீதம்’ என்று பெட்டியில் போட்டிருக்கும். எந்த அலைவெண்ணில், எத்தனை வாட்டில் என்று இருக்காது. தொடக்ககால டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் சில முழு வாட்டில் அளந்தபோது பிரமாதமான எண்ணைக் காட்டின; கேட்டவர்களோ காதைக் கீறுகிறது என்றார்கள். அலையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் வேலையைக் கைமாற்றும் இடத்தில் உண்டாகும் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், ஒலி சன்னமாக இருக்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். நாம் பெரும்பாலும் கேட்பது ஒரு வாட், இரண்டு வாட்டில். மீட்டர் பொய் சொல்லவில்லை, வேறு இடத்தில் வைத்து அளந்தார்கள். அதோடு, சிதைவால் அசல் சுரத்தின் மடங்குகளாகக் கிளம்பும் ஹார்மோனிக்குகளில் இரண்டாவதை அசல் சுரமே ஓரளவு மறைத்துவிடும், ஏழாவதும் ஒன்பதாவதும் துருத்திக்கொண்டு நிற்கும். சதவீதத்தில் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்பட்டுவிடுகிறது.

இப்போதைய பித்து சைனாட் பட்டியல்: இரைச்சலும் சிதைவும் சேர்ந்து ஒலிக்கு எத்தனை டெசிபல் கீழே இருக்கின்றன என்ற எண். 105 டெசிபல் கருவியைவிட 120 டெசிபல் கருவி உயர்ந்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டின் உச்சம் உங்கள் காதருகே 100 டெசிபல் என்றால், 105 கருவியின் இரைச்சலும் சிதைவும் சேர்ந்து அதற்கு 105 கீழே, அதாவது பூஜ்யத்துக்கும் கீழே கிடக்கின்றன. அமைதியான அறையின் சத்தமே 30 டெசிபல் பக்கம் இருக்கும். பொறியியலாக 120 மெச்சத்தக்கதுதான், ஆனால் அது காதுக்கான செய்தி அல்ல. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று போட்டு எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத விளம்பரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காதுக்காரர் சரி, மீட்டர்காரர்தான் அவசரப்பட்டார் என்று முடியும் இடங்களும் உண்டு. பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) கொண்ட ஒரு இயர்போனின் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஒரு அலைவெண்ணில் 10 ஓமாகவும் இன்னொன்றில் 50 ஓமாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 10 ஓம் வெளியீட்டு மின்மறுப்புள்ள ஆம்ப்பில் செருகினால் முதல் இடத்தில் 6 டெசிபல் விழும், இரண்டாவதில் 1.6 மட்டும். இடைவெளி 4 டெசிபலுக்கும் மேல், யாருக்கும் கேட்கும். அந்த ஆம்ப்பை மாறாத ரெசிஸ்டரில் அளந்த கிராஃப் மட்டும் நேர்க்கோடாக இருக்கும். இதற்காகத்தான் ஆம்ப்பின் மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்கிறார்கள்.

ஸ்பீக்கர் விஷயத்தில் எண்களை ஒதுக்குவது இன்னும் பெரிய இழப்பு. 2004-ல் ஆலிவ் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளிலிருந்து, திரைக்குப் பின்னால் கேட்பவர்கள் எந்த மதிப்பெண் தருவார்கள் என்று கணித்தார், கணிப்புக்கும் நிஜ மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.86 (முழுப் பொருத்தம் என்றால் 1). ஒற்றை எண்ணால் வந்ததல்ல அது. எதிரிலும் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக, பல கோணங்களில் எடுத்த முழு அளவீட்டுத் தொகுப்பு.

அறையை மறந்துவிட்டு ஆம்ப்புகளைப் பற்றிச் சண்டை போடுவதுதான் எனக்கு அதிகம் சிரிப்பு வரவைப்பது. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கி நிற்கும். சுவரோரம் பொங்கும், நடுவில் வற்றும். என் நாற்காலி பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. அதை 60 சென்டிமீட்டர் முன்னால் இழுத்ததில் வந்த மாற்றம், நான் வாங்கிய எந்தப் பெட்டியிலும் வரவில்லை. காதுக்கும் தெரிந்தது, மைக் வைத்து எடுத்த கிராஃபிலும் தெரிந்தது. அந்தப் புது டிஏசியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ரிமோட் நன்றாக இருக்கிறது.