எஃப்பிஜிஏ போர்டில் முதல் எல்இடியை மினுக்க வைப்பது எப்படி?

எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப். அதில் ‘புரோகிராம் ஏற்றுவது’ என்று நாம் சொன்னாலும், அங்கே கட்டளைகள் ஒவ்வொன்றாக ஓடுவதில்லை. நாம் ஏற்றும் பிட்ஸ்ட்ரீம் கோப்பு, சிப்புக்குள் இருக்கும் லுக்கப் டேபிள்களும் (தர்க்கத்தைச் செய்பவை) ஃபிளிப்ஃபிளாப்களும் (ஒரு பிட்டை நினைவில் வைப்பவை) எப்படி இணைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஏற்றி முடித்ததும் அந்த சிப்பே நீங்கள் எழுதிய சர்க்யூட்டாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

நான் எடுத்துக்கொள்வது டிஜிலென்ட்டின் பேசிஸ் 3 போர்டு. அதில் இருப்பது ஆர்ட்டிக்ஸ்-7 சிப். பிட்ஸ்ட்ரீமை உருவாக்கி ஏற்றும் மென்பொருள் விவாடோ, இலவசப் பதிப்பே போதும். லினக்ஸில் கேபிள் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

படி 1. விவாடோவில் புதிய ஆர்டிஎல் (நாமே சர்க்யூட்டை விவரித்து எழுதும் வகை) புராஜெக்ட் தொடங்கி, எக்ஸ்சி7ஏ35டி சிப்பை, சிபிஜி236 பேக்கேஜ், வேகம் -1 என்று தேர்ந்தெடுங்கள்.

படி 2. சர்க்யூட்டை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் ஒரு சின்ன மாட்யூல் எழுதுங்கள். உள்ளே வருவது கிளாக், வெளியே போவது எல்இடி. நடுவில் 27 பிட் கவுன்ட்டர். ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒன்று கூடும். அதன் கடைசி பிட்டை, அதாவது 26ஆம் எண் பிட்டை, எல்இடியோடு இணைத்துவிடுங்கள். போர்டின் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால், எல்இடி சுமார் 0.67 விநாடி எரிந்து, அதே நேரம் அணைந்திருக்கும். கவுன்ட்டர் இல்லாமல் கிளாக்கை நேராக எல்இடிக்குக் கொடுத்தால் மினுக்குவது கண்ணுக்கே தெரியாது.

படி 3. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். நீங்கள் வைத்த ‘எல்இடி’ என்ற பெயர் சிப்பின் எந்தப் பின் (வெளி இணைப்பு) என்று விவாடோவுக்குத் தானாகத் தெரியாது. பின், மின்னழுத்தம் போன்றவற்றைக் குறிக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் கோப்பில் கிளாக்குக்கு டபிள்யூ5, முதல் எல்இடிக்கு யூ16 என்று எழுதி, இரண்டுக்கும் மின்னழுத்தத் தரம் எல்விசிமாஸ்33 (3.3 வோல்ட்) என்று குறிப்பிடுங்கள். கிளாக்கின் கால அளவு 10 நானோவிநாடி என்பதையும் சேருங்கள். பின்னையோ மின்னழுத்தத் தரத்தையோ விட்டுவிட்டால் சிந்தசிஸ் (எழுதியதை சர்க்யூட்டாக மாற்றும் கட்டம்) நன்றாகவே முடியும். பிட்ஸ்ட்ரீம் உருவாக்கும்போதுதான் பிழை காட்டி நின்றுவிடும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் இதே கதைதான்.

படி 4. ‘ஜெனரேட் பிட்ஸ்ட்ரீம்’ அழுத்துங்கள். சிந்தசிஸ், இம்ப்ளிமென்டேஷன் (சர்க்யூட்டை சிப்பில் இடம் பிரித்து இணைப்பது) இரண்டையும் அதுவே முடித்துக்கொள்ளும். சில நிமிடங்கள் ஆகும்.

படி 5. போர்டின் மோட் ஜம்பரை ஜேடேக் (கணினியிலிருந்து நேராக ஏற்றும் வழி) நிலையில் வைத்து, யூஎஸ்பியில் இணைத்து, பவர் சுவிட்சைப் போடுங்கள். விவாடோவின் ஹார்டுவேர் மேனேஜரில் ‘ஓபன் டார்கெட்’, ‘ஆட்டோ கனெக்ட்’, அப்புறம் ‘புரோகிராம் டிவைஸ்’. போர்டில் ‘டன்’ விளக்கு எரிந்தால் கோப்பு ஏறிவிட்டது. போர்டு கண்ணில் படவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை வைத்துக்கொண்டு நான் ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

சரி, எல்இடி மினுக்குகிறது. இப்போது பவரை அணைத்துப் போடுங்கள். நீங்கள் ஏற்றியது காணாமல் போயிருக்கும். பழுது எதுவும் இல்லை. சிப்பின் உள்ளமைப்பு எஸ்ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

படி 6. நிலையாக இருக்க வேண்டுமென்றால் போர்டில் உள்ள ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுத வேண்டும். பிட்ஸ்ட்ரீம் செட்டிங்ஸில் .bin கோப்புக்கான டிக்கைப் போட்டு மறுபடி உருவாக்குங்கள். ஹார்டுவேர் மேனேஜரில் சிப்பின் மேல் வலது கிளிக் செய்து, ‘ஆட் கன்ஃபிகரேஷன் மெமரி டிவைஸ்’ வழியாக உங்கள் போர்டின் கையேட்டில் உள்ள ஃபிளாஷ் எண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். பிறகு ஜம்பரை எஸ்பிஐ ஃபிளாஷ் நிலைக்கு மாற்றி, ‘புரோக்’ பட்டனை அழுத்தினால் சிப் ஃபிளாஷிலிருந்து தானே ஏற்றிக்கொள்ளும்.

ஃபிளாஷை அழித்து, எழுதி, சரிபார்க்க நேரம் பிடிக்கும். அதனால் டிசைனை மாற்றிக்கொண்டே இருக்கும் நாட்களில் ஜேடேக் வழியே ஏற்றுங்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகு ஃபிளாஷுக்குப் போங்கள்.