வான் கூரையில் ஒரு கயாக், இரண்டு போர்ட்

எங்கள் மாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் 9 அடி சர்ஃப் போர்ட் (அலைச்சறுக்குப் பலகை) போகாது. வெள்ளவத்தையில் நாலாம் மாடி. ஒவ்வொரு பயணத்துக்கும் நானும் மகளும் அதைப் படிக்கட்டு வழியே, திருப்பத்துக்குத் திருப்பம் நிமிர்த்திப் பிடித்து, சுவரில் இடிக்காமல் இறக்குகிறோம். இவ்வளவு பத்திரமாக இறக்கிய சாமானை வான் கூரையில் ஏனோதானோவென்று கட்டிக்கொண்டு போன காலமும் இருந்தது. அந்தக் காலத்தில் பட்டதையும் அதற்குப் பிறகு கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது பழைய டொயோட்டா ஹையேஸ், ஊரில் எல்லாரும் டொல்பின் என்று சொல்லும் வகை, உயரக் கூரை. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்க் கான் வைத்திருக்கிறேன். கூரையில் மனைவியின் கயாக் (துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு, 24 கிலோ), என் 9 அடி போர்ட், மகளின் 6 அடி போர்ட். இவற்றைக் கட்டும் ராக்கையும் சேர்த்தால் மொத்தம் 60 கிலோவுக்குள் நிற்கும். உங்கள் வானின் கூரை எவ்வளவு தாங்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். அந்தக் கணக்கில் ராக்கின் எடையும் அடங்கும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வானின் பக்கவாட்டில் போர்ட் மாட்டும் ராக் வெளிநாட்டுப் படங்களில் அழகாகத்தான் இருக்கிறது. கொழும்புக்கு அது சரிவராது. இடப்பக்கம் இழுவைக் கதவு, மாட்டினால் கதவு திறக்காது. வலப்பக்கம் மாட்டினால் காலி வீதியில் உரசிக்கொண்டு போகும் பஸ்ஸுக்கு முதல் பலி உங்கள் போர்ட். ஆகவே கூரைதான். 6 அடி போர்டை மட்டும் வானுக்குள்ளே, கூரையோடு ஒட்டி இரண்டு பட்டியில் தொங்கவிடலாம். ஆனால் வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வானுக்குள் இருக்கும் சூடு, கூரைக்கு மேல் இருப்பதைவிட மோசம். போர்டின் மேல்தோல் உள்ளே இருக்கும் ஃபோமை விட்டுக் கொப்பளித்து எழும்பும்.

ராக்கை நான் கடையில் ஆயத்தமாக வாங்கவில்லை. டொல்பின் கூரையின் இரு ஓரமும் மழைநீர் ஓடத் தகரத்தில் ஒரு மடிப்பு இருக்கும். அதைக் கவ்விப் பிடிக்கும் கால்களைப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையொன்றில் எடுத்து, அலுமினியக் குறுக்குச் சட்டம் இரண்டை வெல்டிங் பாஸ் ஒருவரைக் கொண்டு பொருத்தினேன். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி கூடினால் நல்லது. கயாக்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் அது சீசோ மாதிரி ஆடும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் நூலில் கிரீஸ் தடவுங்கள். கடற்காற்றில் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடலோர மரீன் டிரைவ் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்துக்கு மெத்தை வேண்டும். ஏசி பொருத்துபவர்கள் செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறை இருக்கிறதே, அதை இரண்டு அடுக்காகப் போட்டு டேப் சுற்றினால் போதும். கூரையில் சோலார் தகடு இருந்தால் போர்டின் நிழல் அதில் விழாதபடி ராக்கை வையுங்கள். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட முழுத் தகட்டின் மின்சாரத்தையும் நன்றாகக் குறைத்துவிடும். உள்ளே இருக்கும் செல்கள் வரிசையாகக் கோத்தவை, அதுதான் காரணம்.

இனிக் கட்டும் வேலை. கனத்தைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள், காற்றைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டாவது பயணத்தில் 9 அடி போர்டை மூக்கு முன்னால், மெழுகுப் பக்கம் (கால் வழுக்காமலிருக்க மெழுகு பூசிய, ஏறி நிற்கும் பக்கம்) மேலே வைத்துக் கட்டியிருந்தேன். தெற்கு அதிவேகப் பாதையில் தொடங்கொடையைத் தாண்டும்போது தலைக்கு மேல் தேனீக் கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். ரேடியோ என்று நினைத்து அதை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. "அப்பா, மேலே என்னவோ தட்டுது" என்றாள் மகள். வெலிப்பென்ன ஓய்விடத்தில் நிறுத்தி ஏறிப் பார்த்தால் முன்பட்டி நாலு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்து கிடந்தது. வளைந்த மூக்கின் அடியில் காற்று புகுந்து, போர்டை மேலே தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. இன்னும் 20 கிலோமீற்றர் போயிருந்தால் பின்னால் வந்தவரின் கண்ணாடியில்தான் அது இறங்கியிருக்கும்.

அன்றிலிருந்து போர்டைக் குப்புறத்தான் வைக்கிறேன். மெழுகுப் பக்கம் கீழே, வால் முன்னால், ஃபின் (போர்டின் அடியில் வால்பக்கம் இருக்கும் செதில்) மேல்நோக்கி. இதில் மூன்று நன்மை. மூக்கின் வளைவு கீழ்ப்பார்த்துப் பின்னால் போய்விடுவதால் காற்று பிடிக்காது. மெழுகு வெயில் படாமல் இருப்பதால் உருகி வடியாது. முன்பட்டிக்கு முன்னால் ஃபின் நிற்பதால், போர்ட் பின்னோக்கி வழுக்கினாலும் ஃபின் அந்தப் பட்டியில் மாட்டி நின்றுவிடும். இரண்டு போர்டை அடுக்கினால் பெரியது அடியில், நடுவே ஒரு பழைய துவாய். போர்டை நம் காலோடு கட்டும் கயிறுகளைக் கழற்றி உள்ளே போடுங்கள், காற்றில் அடித்து அடித்துக் கூரைப் பெயின்டைச் சுரண்டும்.

பட்டி வாங்கும்போது ராட்செட் (பிடியை நெம்பி நெம்பி இறுக்கும் வகை) வேண்டாம். அது லொறிக்கு. கையால் இழுத்து இறுக்கும் பல் பக்கிள் உள்ள பட்டி போதும். ராட்செட்டை இன்னும் ஒரு சொடக்கு, இன்னும் ஒரு சொடக்கு என்று நான் இறுக்கிய நாளில் போர்டின் ஓரத்திலிருந்து 'நறுக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. வெலிகமவில் போர்ட் திருத்துபவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பாறையில் பட்டதில்லையே" என்று சிரித்தார். பட்டி பொலியெஸ்டராக இருக்கட்டும். நைலோன் நனைந்தால் நீளும், வெல்லவாயாவில் மழை பிடித்தால் மொனராகலையில் தளர்ந்திருக்கும். சைக்கிள் டியூப்பை நம்பவே வேண்டாம். அது இழுபடத்தான் பிறந்தது.

கட்டும் விதம் இது. பட்டியின் வெறும் முனையை மறுபக்கம் எறியுங்கள், பக்கிளை எறிந்தால் அது கண்ணாடியைத் தேடிப் போகும். முனையைச் சட்டத்துக்கு அடியால் சுற்றி, போர்டின் ஓரத்தை ஒட்டியே மேலே கொண்டுவாருங்கள். சட்டத்தின் கோடியில் சுற்றினால் போர்ட் பக்கவாட்டில் நகரும். திரும்பவும் போர்டுக்கு மேலால் எடுத்து, இந்தப் பக்கச் சட்டத்தையும் அப்படியே சுற்றிப் பக்கிளில் செருகிக் கீழ்நோக்கி இழுங்கள். போர்டின் மேலே கிடக்கும் பட்டியில் ஒரேயொரு முறுக்கு விடுங்கள். தட்டையான பட்டிதான் காற்றில் அதிர்ந்து பாடும், முறுக்கிய பட்டி வாய் திறக்காது. மிச்ச முனையை முடிந்துவிடுங்கள். இனிப் போர்டைப் பிடித்து உலுக்கினால் வானும் சேர்ந்து ஆட வேண்டும். போர்ட் மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

கயாக்கை ஒருவரே ஏற்றலாம். பின் கதவின் மேல் விளிம்பில் பழைய பன்பாய் ஒன்றை மடித்துப் போட்டு, கயாக்கின் மூக்கை அதில் சாய்த்து, வாலைத் தூக்கித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஏறும். உயரக் கூரைக்கு ஒரு ஸ்டூல் வேண்டும், பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். மேலே போனதும் அதையும் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். மல்லாத்தி வைத்தால் மழைநீர் தங்கி 24 கிலோ 40 ஆகும். பொலித்தீன் கயாக் வெயிலில் இளகும் சாமான், அளவுக்கு மீறி இறுக்கினால் பட்டி பதிந்த இடம் பள்ளமாகும். அப்படி விழுந்த பள்ளம் பட்டியை எடுத்துவிட்டு வெயிலில் போட்டால் பெரும்பாலும் தானே நிமிரும்.

இரண்டு பட்டியோடு விடாமல் கயாக்கின் மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் கயிறு போட்டு, வானின் அடியில் இழுவைக் கொக்கியில் கட்டுங்கள். முன்கயிறு இரண்டாகப் பிரிந்து கண்ணாடியின் இரு ஓரமாக இறங்கட்டும், வைப்பருக்குக் குறுக்கே வரக்கூடாது. முடிச்சு லொறி முடிச்சு. பழைய சோனகத் தெருவில் கயிறு வாங்கிக்கொண்டு நின்றபோது, நான் போட்ட முடிச்சைப் பார்த்த சுமை தூக்கும் நாட்டாமி ஒருவர் சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். "தம்பி, இது தொட்டில் கட்டுற முடிச்சு" என்றார். கயிற்றின் நடுவில் ஒரு கண் முறுக்கி, நுனியைக் கொக்கிக்குள் விட்டு, திரும்ப அந்தக் கண்ணுக்குள் நுழைத்துக் கீழே இழுத்தார். கப்பி மாதிரி, சின்ன இழுப்புக்குக் கயிறு தந்தியாக நின்றது. அந்த இடத்தை விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு அரைமுடிச்சு. அவ்வளவுதான்.

புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள், சாமான் தன் இடத்தில் படிந்து பட்டி தளர்வது அப்போதுதான். நான் கொட்டாவையில் அதிவேகப் பாதை ஏறுமுன் பார்க்கிறேன். அங்கே 100 வரை போகலாம், கூரையில் சாமான் இருந்தால் நான் 80ஐத் தாண்டுவதில்லை. பிறகு வெலிப்பென்ன, கிழக்குக் கரைக்குப் போகும்போது கடைசியாகச் சியம்பலாண்டுவை. அதற்கப்பால் லகுகல, யானை நடமாடும் காடு. பொழுதுபட்ட பின் அங்கே இறங்கிப் பட்டி இறுக்குவது நல்ல யோசனை இல்லை.

உயரத்தை அளந்து எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். எனக்குச் சாமானோடு 2.6 மீற்றர். கொழும்பில் மாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத் தரிப்பிடம் பலவற்றுக்குள் வெறும் வானே போகாது. ஒழுங்கைகளில் தொங்கும் கேபிள் வயர்களுக்கோ அளவே கிடையாது, மகளை இறக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.

திரும்பி வந்ததும் பட்டிகளையும் பக்கிள்களையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு காய்ந்தால் பக்கிளின் ஸ்பிரிங் இரண்டு மாதத்தில் துருவேறி இறுகிவிடும். நாங்கள் எல்லாவற்றையும் பால்கனிக் கொடியில் தொங்கவிடுகிறோம். மே முதல் செப்டெம்பர் வரை, அதாவது கிழக்கில் அலை நன்றாக இருக்கும் மாதங்களில், எங்கள் கொடியில் சேலையைவிடப் பட்டிகள்தான் அதிகம்.