மேல்தொட்டி மோட்டார்: நிறுத்துவது யார்? என் அனுபவம்

கடலூர் தேவனாம்பட்டினத்து வீட்டில் மோட்டாரை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டண்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள்தான் இயக்கி வந்தது. ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் மெமரி கார்டு கெட்டு பை எழவில்லை. மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலே மட்டும் பழைய நிலைக்கே திரும்பி ஆன் ஆனது. தொட்டி வழிந்து மாடியெல்லாம் தண்ணீர்.

மோட்டாரை நிறுத்தும் அதிகாரம் மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரிலே தனக்குள்ளேயே இருக்கும் டாஸ்மோட்டா என்ற மென்பொருளில் ஓடுவதால் அதிலேயே அமைப்பை மாற்றினேன். ‘பவர்ஆன்ஸ்டேட் 0’ கொடுத்தால் கரண்ட் வந்ததும் ஆஃப் நிலையில்தான் எழும். ‘பல்ஸ்டைம் 1300’ என்றால் 20 நிமிடத்தில் தானே அணையும். 1200 நொடியோடு 100 கூட்ட வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

1 ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். சின்ன ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் எந்த மென்பொருளும் நிறுத்தாது. ஆகவே ரிலே இப்போது 25 ஆம்பியர் கான்டாக்டரின் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) 230 வோல்ட் காயிலை (அதை இழுத்து மூடும் மின்காந்தச் சுருள்) மட்டும் இயக்குகிறது. அதே காயில் லைனில் தொட்டியின் ஃப்ளோட் சுவிட்சும் (தண்ணீர் நிரம்பினால் மிதந்து இணைப்பைத் துண்டிப்பது) தொடராக இருக்கிறது. இந்த வயரிங் எலக்ட்ரீஷியன் வேலை.

உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூத்துவிடும்: தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி, வயர் கீழ்ப்பக்கம் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் மூடி) வழியாக.

பை இப்போது மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி டிரைவில் ஓடுகிறது. நேர அட்டவணை, விளக்குகள், மோட்டார் ஓடிய கணக்கு மட்டும் அதன் பொறுப்பு.