ஆஸ்கேட் தரவில் கடற்காற்றின் திசையைப் படிப்பது எப்படி?

காற்று உரசும்போது கடற்பரப்பில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிற்றலைகள் எழும். ஐரோப்பாவின் மெட்ஆப் வானிலைச் செயற்கைக்கோள்களில் இருக்கும் ஆஸ்கேட் ரேடார் 5.255 கிகாஹெர்ட்ஸில் சாய்வாக அனுப்பும் துடிப்பை இந்தச் சிற்றலைகள்தான் திருப்பி அனுப்புகின்றன. காற்று ரேடாரை நோக்கி வீசினால் எதிரொலி பலமாக இருக்கும், விலகி வீசினால் லேசாகக் குறையும், குறுக்கே வீசினால் நன்றாகவே குறையும். ஒரு பார்வை மட்டும் போதாது, ஏனென்றால் குறுக்கே வீசும் பலத்த காற்றும் நேரே வீசும் மெல்லிய காற்றும் ஒரே அளவு எதிரொலியைத் தரலாம். அதனால்தான் ஒவ்வொரு பக்கமும் மூன்று ஆன்டெனாக்கள், ஒரே இடத்தை மூன்று திசைகளிலிருந்து அடுத்தடுத்துப் பார்க்கின்றன.

இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. திசையும் வேகமும் கணக்கிட்ட நெட்சிடிஎஃப் (NetCDF என்ற அறிவியல் தரவு வடிவம்) கோப்புகளை ஐரோப்பாவின் ஓஎஸ்ஐ சாஃப் (OSI SAF) என்ற கடல் மற்றும் கடற்பனித் தரவு அமைப்பு இலவசமாகத் தருகிறது. கோப்பைத் திறந்ததும் முதலில் தரக்குறியீடுகளைப் பாருங்கள், சந்தேகத்துக்குரியவை என்று கொடி விழுந்த கட்டங்களைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

அப்புறம் எல்லோரையும் குழப்பும் விஷயம்: வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் அளக்கும் கோணம் இதில் காற்று எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது, வானிலைக்காரர்கள் சொல்வதோ எங்கிருந்து வருகிறது என்பதை. ஜூலையில் அரபிக்கடலின் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே 45 டிகிரியை ஒட்டி வந்தால் சரி, வானிலை வழக்கில் அது 225. மாற்ற 180 கூட்டுங்கள், 360-ஐத் தாண்டினால் 360 கழியுங்கள். சராசரி எடுக்கும்போது கோணங்களைக் கூட்டி வகுக்காதீர்கள். 350-க்கும் 10-க்கும் சராசரி 180 என்று வந்து நிற்கும், அதாவது நேர் எதிர்த்திசை! வேகத்தைக் கோப்பில் உள்ள (180 கூட்டாத) கோணத்தின் சைனால் பெருக்கினால் கிழக்குக் கூறு, கோசைனால் பெருக்கினால் வடக்குக் கூறு. அவற்றைச் சராசரி எடுத்து மறுபடி கோணமாக்குங்கள்.

அம்புக்குறியைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். நேரே வருவதற்கும் விலகிப் போவதற்கும் எதிரொலியில் வித்தியாசம் குறைவு என்பதால், கிட்டத்தட்ட 180 டிகிரி எதிரெதிரான விடைகள் கிடைக்கும், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வானிலை மாதிரியின் கணிப்பு உதவுகிறது. மாதிரி புயல் மையத்தைத் தள்ளி வைத்திருந்தால் அங்கே அம்புகள் தலைகீழாகலாம். மிக மெல்லிய காற்றிலும் திசை தள்ளாடும். ஓஷன்சாட்-2, ஸ்கேட்சாட்-1 போன்ற இந்தியச் செயற்கைக்கோள்களின் கேயு பட்டைக் கருவிகளின் (ஆஸ்கேட்டைவிடக் குறுகிய அலைநீளம், மழை எளிதில் குழப்பும்) தரவு என்றால் மழை பெய்யும் இடங்களில் இன்னும் கவனம் தேவை.